ரிங்லெட்டில் வாடகை வீடு: ஹீட்டர் மாற்றும் செலவை வாடகையில் ஏற்றலாமா?

ரிங்லெட் பிள்ளை
எல்லாருக்கும் வணக்கம். அப்பா தேயிலைத் தோட்டத்தில் வேலை ஓய்வு பெற்றதும் தோட்ட வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். அவருடைய இபிஎப் (ஊழியர் சேமநிதி) பணத்தில் முன்பணம் கட்டி, மீதிக்கு பேங்க் கடன் எடுத்து, கேமரன்மலை ரிங்லெட்டில் ஒரு தரைவீடு வாங்கினோம். இப்போது அவர் அக்காவோடு ஈப்போவில் இருப்பதால் வீட்டை வாடகைக்கு விட்டிருக்கிறேன். வாடகை 750 வெள்ளி (ரிங்கிட்), பேங்குக்கு மாதம் 590.

குடியிருப்பது நம்மாட்கள்தான். புருஷன் தேயிலை ஆலையில், மனைவி காய்கறித் தோட்டத்தில் வேலை. இரண்டு சின்னப் பிள்ளைகள். போன வாரம் குளியலறை ஹீட்டரைப் போட்டதும் வீடு முழுக்கக் கரண்டு போய்விட்டது. வயர்மேன் வந்து சுவிட்சைக் கழற்றிக் காட்டினார். பின்பக்கம் பிளாஸ்டிக் உருகிப் பழுப்பாகிக் கிடந்தது. பச்சை எர்த் வயர் எதிலும் மாட்டாமல் சும்மா தொங்கியது. லைனையே சமையலறை பிளக்கிலிருந்து இழுத்திருக்கிறார்கள். எல்லாம் நான் வாங்குவதற்கு முன்பே செய்த வேலை. புது ஹீட்டர், தனி லைன், தனி இஎல்சிபி (மின்கசிவு வந்தால் கரண்டை வெட்டும் சுவிட்ச்), கூலி எல்லாம் சேர்த்து 1,150 வெள்ளி ஆகும் என்கிறார்.

ஒப்பந்தம் மார்ச் வரை இருக்கிறது. அடுத்த மாதமே வாடகையை 850 ஆக்கலாம் என்று நினைக்கிறேன். சரிதானா?

ஈப்போ வீட்டுக்காரர்
தாராளமாக ஏற்றுங்க தம்பி. எனக்கு மூன்று வீடு இருக்கிறது, அனுபவத்தில் சொல்கிறேன். 750-இல் 590 பேங்குக்குப் போனால் மிச்சம் 160. அதில் மதிப்பீட்டு வரி, நில வரி, தீ காப்புறுதி எல்லாம் போக என்ன மிஞ்சும்? ஒரு மாதம் வீடு காலியாகக் கிடந்தால் அந்த வருஷ லாபமே போச்சு. ஹீட்டரை அனுபவிப்பது அவர்கள், செலவை மட்டும் நீங்கள் சுமப்பதா? வேண்டாம் என்றால் வேறு வீடு பார்த்துக்கொள்ளட்டும்.

ஹாபு மருமகள்
அண்ணே, கொஞ்சம் பொறுங்க. ஒப்பந்தம் மார்ச் வரை என்று தம்பியே எழுதியிருக்கிறார். நடுவில் வாடகை ஏற்றலாம் என்று அதில் எழுதியிருந்தால் ஒழிய, அவர்கள் சம்மதிக்காமல் ஏற்ற முடியாது. "வேறு வீடு பார்க்கட்டும்" என்று மிரட்டவும் முடியாது. குடியிருப்பவரை நீதிமன்ற உத்தரவு இல்லாமல் வெளியேற்றக்கூடாது என்று 1950-ஆம் ஆண்டு ஸ்பெசிஃபிக் ரிலீஃப் சட்டம், பிரிவு 7(2) சொல்கிறது. பூட்டை மாற்றுவது, கரண்டை வெட்டுவது எல்லாம் வம்பில் போய் நிற்கும்.

அப்புறம் அந்த 1,150-ஐக் கணக்குப் போட்டுப் பாருங்க. ஹீட்டர் எட்டு வருஷம் ஓடினால் மாதத்துக்கு 12 வெள்ளிதான் வருகிறது. லைன் அதைவிட அதிக காலம் இருக்கும். மாதம் 100 ஏற்றினால் ஒரு வருஷத்துக்குள் முழுப் பணமும் வந்துவிடும். அதற்குப் பிறகும் அந்த 100 நிற்கப் போவதில்லை. அதை ஹீட்டர் காசு என்று எப்படிச் சொல்வது?

ஈப்போ வீட்டுக்காரர்
ஹீட்டர் மட்டுமா வீடு? நாளைக்குக் கூரை ஒழுகும், மறுநாள் கழிவுத்தொட்டி நிரம்பும், ஆள் மாறினால் பெயிண்ட் அடிக்க வேண்டும். ஒவ்வொன்றையும் 12 வெள்ளி, 15 வெள்ளி என்று பிரித்துக் கூட்டுங்கள், 100 தானாக வந்து நிற்கும். இன்னொன்றும் சொல்கிறேன். இப்படி வீட்டுக்காரனை நெருக்கினால் வீட்டை ஹோம்ஸ்டே ஆக்கிவிடுவான். சனி ஞாயிறு சுற்றுலாக்காரர்களுக்கு விட்டாலே இந்த வாடகை வந்துவிடும். கேமரன்மலையில் எத்தனை வீடு அப்படிப் போயிருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். கடைசியில் வீடில்லாமல் நிற்பது அந்தத் தொழிலாளிதான்.

வாடகை வீட்டிலிருந்து
நானும் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவன்தான், இப்போது தானா ராத்தாவில் வாடகைக்கு இருக்கிறேன். ஐயா சொல்லும் ஹோம்ஸ்டே விஷயம் உண்மை. எங்கள் வரிசையிலேயே பார்க்கிறேன்.

ஆனால் இந்தப் பக்கத்தையும் பாருங்கள். 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. இபிஎப் 11 விழுக்காடு, அதாவது 187 வெள்ளி, முதலிலேயே போய்விடும். சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு) பிடித்தம் வேறு. கையில் வருவது 1,500 வெள்ளி. அதில் 750 வாடகை. 100 கூடினால் ஒருவருடைய சம்பளத்தில் பாதிக்கு மேல் வீட்டுக்கே போகிறது. அப்புறம் பிள்ளைகளின் பள்ளி பஸ் காசை எதிலிருந்து எடுப்பது?

ஹீட்டரை "அனுபவிப்பது" என்று எழுதியது மனதுக்குக் கஷ்டமாக இருந்தது. இரவில் 16 டிகிரிக்கு இறங்குகிற ஊர் இது. விடியற்காலை வேலைக்குப் போகிறவனும், நான்கு வயதுப் பிள்ளையும் பச்சைத் தண்ணீரில் குளிக்க முடியுமா? கீழே கோலாலம்பூரில் அது வசதி. இங்கே கதவு, கூரை மாதிரி அதுவும் வீட்டில் ஒரு பாகம்.

வயரிங் தம்பி
பணப் பேச்சை ஒரு நிமிடம் நிறுத்துங்கள். ரிங்லெட் அண்ணே, அந்த சுவிட்சை யாரும் தொட வேண்டாம் என்று இன்றைக்கே போன் பண்ணிச் சொல்லிவிடுங்கள்.

சாதாரண இன்ஸ்டன்ட் ஹீட்டர் 3.6 கிலோவாட். 240 வோல்ட்டில் 15 ஆம்பியர் இழுக்கும். அதைச் சமையலறை லைனில் மாட்டி, அதே நேரம் அங்கே ரைஸ் குக்கரும் ஓடினால் வயர் சூடாகாமல் என்ன செய்யும்? எர்த் இல்லாதது அதைவிட மோசம். ஹீட்டருக்குள் கசிவு வந்தால் கரண்டு தண்ணீர் வழியாகக் குளிக்கிறவர் உடம்பில்தான் இறங்கும். அதனால்தான் 1994-ஆம் ஆண்டு மின்சார ஒழுங்குமுறைப்படி ஈரமான இடத்துக்கு 10 மில்லி ஆம்பியரில் வெட்டும் இஎல்சிபி தனியாக வேண்டும். வீட்டுக்குப் பொதுவாக இருக்கிற 100 மில்லி ஆம்பியர் ஆளைக் காப்பாற்றாது.

எரிசக்தி ஆணையத்தில் பதிந்த வயர்மேனையே கூப்பிடுங்கள். ஹீட்டரில் சிரிம் தரச்சான்று முத்திரை இருக்கிறதா பாருங்கள். தனி லைனோடு 1,150 என்பது நியாயமான விலைதான். குறைத்துக் கேட்டால் வயரைத்தான் குறைப்பார்கள்.

ஈப்போ வீட்டுக்காரர்
தம்பி சொல்வதில் எனக்கு மறுப்பில்லை. உயிர் விஷயம், உடனே மாற்றட்டும். ஆனால் மார்ச்சில் புது ஒப்பந்தம் போடும்போது 850-க்குக் குறையக்கூடாது. பக்கத்து வீடுகளின் வாடகையை விசாரித்துப் பாருங்கள். 900-க்குக் கீழே இருக்காது என்றே நினைக்கிறேன்.

ஹாபு மருமகள்
மார்ச்சில் பேசுவது நியாயம், அதை நான் மறுக்கவில்லை. ஹீட்டரைக் காரணம் காட்டி இப்போதே கேட்பதைத்தான் தப்பு என்கிறேன். வாடகை ஊர் நிலவரத்தைப் பொறுத்தது. பழுது வீட்டுக்காரர் பொறுப்பு. இரண்டையும் ஒன்றாகக் கட்டினால், இனி எது உடைந்தாலும் வாடகை ஏறிவிடும் என்று பயந்து அவர்கள் வாயே திறக்க மாட்டார்கள். இந்த முறை மெயின் விழுந்தது, தெரிந்தது. அடுத்த முறை சொல்லாமலே இருந்துவிட்டால்?

தம்பி, ரசீதைப் பத்திரமாக வையுங்கள். வாடகை வருமானத்துக்கு வரிக் கணக்குக் காட்டும்போது, வீட்டை இருந்த நிலையில் வைத்திருக்கச் செய்த பழுதுபார்ப்பு, கடன் வட்டி, மதிப்பீட்டு வரி, நில வரி, காப்புறுதி எல்லாவற்றையும் கழிக்கலாம். கடனின் அசலைக் கழிக்க முடியாது. புதிதாகச் சேர்க்கும் வசதியும் அதில் வராது.

ரிங்லெட் பிள்ளை
எல்லாருக்கும் நன்றி. அந்த அண்ணனுக்குப் போன் பண்ணி சுவிட்சைத் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அதுவரை அடுப்பில் தண்ணீர் காய்ச்சிக் குளிக்கிறார்களாம். வயர்மேன் சனிக்கிழமை வருகிறார், பணம் நான் போடுகிறேன். வாடகை மார்ச் வரை 750-தான். புது ஒப்பந்தத்தில் 800 கேட்கப் போகிறேன், அதையும் இப்போதே அவர்களிடம் சொல்லிவிட்டேன், யோசிக்க நேரம் இருக்கட்டும் என்று. வாடகை வந்ததும் பழுதுபார்ப்புக்காக மாதம் 60 வெள்ளி தனிக் கணக்கில் போட்டுவிடுவேன்.

ஈப்போ வீட்டுக்காரர்
வாடகையில் 50 மட்டும் ஏற்றினால் போதாது தம்பி. பேங்க் வட்டி ஏறினால் அந்த 60-ஐத்தான் முதலில் எடுப்பீர்கள். உங்கள் வீடு, உங்கள் முடிவு. ஒப்பந்தத்துக்கு முத்திரை வரி மட்டும் கட்டிவிடுங்கள். ஓராண்டு ஒப்பந்தத்துக்கு, வருஷ வாடகையில் 250 வெள்ளிக்கு 1 வெள்ளி, மாதம் 800 வாடகை என்றால் 39 வெள்ளிதான். முத்திரை இல்லாத தாளை நீதிமன்றத்தில் ஆதாரமாகக் காட்ட முடியாது.

வயரிங் தம்பி
அண்ணே, ஹீட்டர் வாங்குவதற்கு முன் ஒன்று. மேல்தொட்டியிலிருந்து வரும் தண்ணீர் வேகமாக வருகிறதா, மெல்ல வருகிறதா? மெல்ல வந்தால் பம்ப் வைத்த மாடல் வேண்டும், விலை கொஞ்சம் கூடும். சனிக்கிழமைக்குள் ஷவரைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.