நாலாவது டிக்கெட்

வாட்ஸ்அப் குழு: தொண்ணூறடி ரோடு குடும்பம் (தாராவி, மும்பை)
14 டிசம்பர் 2019, சனிக்கிழமை

சரோஜா அத்தை (7:02): ஊரிலிருந்து அல்வா வந்துவிட்டது. 40 பெட்டி. எண்ணி வைத்திருக்கிறேன், நாளை பிரியா நிச்சயதார்த்தம் முடியும்வரை யாரும் கை வைக்க வேண்டாம்.

பிரியா: அம்மா, அப்பா ஒரு பெட்டியைப் பிரித்துவிட்டார்.

சரோஜா அத்தை: 39.

முத்து மாமா: சந்துரு, நாளை சாயங்காலம் மாப்பிள்ளை வீட்டாரை தாதரில் ரயிலேற்ற வேண்டும். 7 பேர். உன் காரும் மச்சான் காரும் இருந்தால் போதும்.

சந்துரு சித்தப்பா: அத்தான், நாளை சாயங்காலம் நான் இல்லை என்று செப்டம்பரிலேயே சொன்னேனே. நெருல், டி.ஒய். பாட்டீல் ஸ்டேடியம். யூ2 இசைக்குழுவின் கச்சேரி.

முத்து மாமா: அது நாளைக்கா?

செல்வி சித்தி: மூன்று மாதமாக எங்கள் வீட்டில் வேறு பேச்சே இல்லை அண்ணா.

சரோஜா அத்தை: மார்கழி பிறப்பதற்குள் முடிக்க வேண்டும் என்று நாள் குறித்தோம். ஞாயிறு விட்டால் வேறு நாளும் இல்லை. அந்தப் பாட்டுக்காரர்களுக்கும் இதே நாள்தான் கிடைத்ததா?

சந்துரு சித்தப்பா: அக்கா, காலையில் நிச்சயத்துக்கு முதல் ஆளாக நிற்பேன். சாயங்காலம் மட்டும் என்னை விட்டுவிடுங்கள். விவரம் சொல்கிறேன். 1987 மார்ச்சில் 'தி ஜோஷுவா ட்ரீ' ஆல்பம் வந்தது. அதற்கு 30 வருடம் ஆனபோது, 2017-ல், முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை அதே வரிசையில் மேடையில் வாசித்து ஊர் ஊராகப் போனார்கள். அப்போது இந்தியாவுக்கு வரவில்லை. இந்த நவம்பரில் ஆக்லாந்தில் மறுபடி ஆரம்பித்து ஆஸ்திரேலியா, சிங்கப்பூர், ஜப்பான், சியோல், மணிலா எல்லாம் முடித்து நாளை இங்கே நிறைவு. இந்தியாவில் அவர்கள் வாசிப்பது இதுதான் முதல் தடவை. 1976-ல் டப்ளினில் ஒரு பள்ளிக்கூட அறிவிப்புப் பலகையில், பேண்ட் ஆரம்பிக்க ஆள் வேண்டும் என்று லாரி முல்லன் சீட்டு ஒட்டினார். அதைப் பார்த்து வந்தவர்களில் மூன்று பேரும் அவருமாக அந்த நாலு பேர்தான் இன்றைக்கும். 43 வருடம். அந்த நாலு பேரில் ஒருத்தரும் மாறவில்லை.

முத்து மாமா: சரி. தாதருக்கு யார்?

அப்பா: பரீட்சைக் கட்டணம்.

கார்த்தி: என்ன பெரியப்பா?

அப்பா: உன் அப்பாவைக் கேள்.

சரோஜா அத்தை: அண்ணே, அதை ஏன் இப்போது எடுக்கிறீர்கள். நல்ல நாள் அதுவுமாக.

சந்துரு சித்தப்பா: பரவாயில்லை அக்கா, பிள்ளைகளுக்கும் தெரியட்டும். 1988. பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சைக்குக் கட்ட அண்ணன் பணம் கொடுத்தார். தோல் பட்டறையில் ராத்திரி வேலை பார்த்துச் சேர்த்த பணம். அதில் நான் அந்தக் கேசட்டை வாங்கிவிட்டேன். தையல்கடை டேப்பில் ஒரு பாட்டு கேட்டேன். கிதாரில் ஒரு தடவை தட்டினால் பத்துத் தடவை திரும்பி வருகிற மாதிரி ஒரு சத்தம். அது யூ2-வின் கிதார்காரர் எட்ஜ் வாசிக்கிற விதம். அன்று ராத்திரி தூக்கமே இல்லை. செய்தது தப்பு. இன்றைக்கும் தப்புதான்.

கார்த்தி: அப்போது பரீட்சை எழுதவில்லையா?

சந்துரு சித்தப்பா: எழுதினேன். அக்கா கொலுசை அடகு வைத்துக் கட்டினாள்.

பிரியா: எந்தக் கொலுசு? இப்போது என் காலில் இருப்பதா?

சரோஜா அத்தை: அதேதான். திருகாணி தளர்ந்திருக்கிறது, பார்த்து நட. பூக்காரரிடம் யார் பேசினீர்கள்?

செல்வி சித்தி: நான் பேசிவிட்டேன் மதினி. காலை 6 மணிக்கு வருகிறார்.

பிரியா: சின்ன மாமா, ரஹ்மான் மேடைக்கு வருவார் என்று ஆபீசில் எல்லோரும் சொல்கிறார்கள். நிஜமா?

சந்துரு சித்தப்பா: எனக்கும் அந்த ஆசைதான். போன மாதம் 22-ம் தேதி யூ2-வும் ரஹ்மானும் சேர்ந்து 'அஹிம்சா' என்று ஒரு பாட்டு வெளியிட்டார்கள். ரஹ்மானின் மகள்கள் கதீஜாவும் ரஹீமாவும் அதில் பாடியிருக்கிறார்கள். திருக்குறள் வருகிறது. தமிழிலேயே.

முத்து மாமா: அயர்லாந்துக்காரர்கள் பாட்டில் திருக்குறளா?

சந்துரு சித்தப்பா: ஆமாம் அத்தான். ஹெட்போனில் கேட்டுக்கொண்டே செம்பூர் ஸ்டேஷனில் இரண்டு ரயிலை விட்டுவிட்டேன்.

முத்து மாமா: அனுப்பு. எங்கள் அப்பாவுக்கு இன்னா செய்யாமை அதிகாரம் முழுக்க மனப்பாடம். கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

சரோஜா அத்தை: மாமா இருந்திருந்தால் நாளை பேத்திக்கு அவர்தான் தட்டு எடுத்துக் கொடுத்திருப்பார்.

நான்: சித்தப்பா, நாளை ஹார்பர் லைனில் பராமரிப்புக்காக ரயிலை நிறுத்துகிற மெகா பிளாக் உண்டா?

சந்துரு சித்தப்பா: இருந்தாலும் சாயங்காலத்துக்குள் முடிந்துவிடும். பன்வேல் வண்டியில் ஏறினால் நேராக நெருல். கார் வேண்டாம், பாலத்தில் மாட்டிக்கொள்வோம். பை எடுக்காதே. பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது, அதனால் கடைசி ரயிலைப் பற்றிக் கவலை இல்லை.

முத்து மாமா: அப்படியானால் உன் கார் சும்மாதானே நிற்கும்.

சந்துரு சித்தப்பா: நிற்கும் அத்தான். ஓட்டத்தான் ஆள் இல்லை.

செல்வி சித்தி: நான் போகவில்லை. மதினி ஒரு ஆளாகத் தனியாக அல்லாடுகிறார்கள், சாமான் எல்லாம் மண்டபத்திலிருந்து திரும்ப வர வேண்டும். என் டிக்கெட் மீதி.

கார்த்தி: என் நண்பன் கேட்கிறான்.

சந்துரு சித்தப்பா: வேண்டாம்.

சந்துரு சித்தப்பா: அண்ணே, நீங்கள் வாருங்கள்.

நான்: அப்பா கூடத்தில்தான் இருக்கிறார். போனையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

சந்துரு சித்தப்பா: அண்ணே, நான் ஏன் கேட்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். அந்த ஆல்பத்தின் முதல் பாட்டு, தெருவுக்குப் பெயரே இல்லாத ஓர் இடத்தைப் பற்றியது. பெல்ஃபாஸ்டில் ஒருவர் எந்தத் தெருவில் இருக்கிறார் என்று தெரிந்தால் போதும், அவர் கத்தோலிக்கரா புராட்டஸ்டன்டா, கையில் காசு உண்டா இல்லையா எல்லாம் சொல்லிவிடலாமாம். யூ2-வின் பாடகர் போனோ அதைக் கேள்விப்பட்டு எழுதியது. எனக்கு அப்போது இங்கிலீஷ் அவ்வளவு புரியாது. பல வருடம் கழித்துத்தான் அர்த்தம் படித்தேன். படித்ததும் உங்கள் ஞாபகம்தான் வந்தது. கோட்டைப் பக்கம் ஒரு ஆபீசுக்கு குமாஸ்தா வேலைக்குப் போனீர்களே. டைப்ரைட்டிங் பரீட்சையில் நீங்கள்தான் முதல் என்று சொல்லிவிட்டு, விண்ணப்பத்தில் தாராவி என்று பார்த்ததும் அப்புறம் சொல்லி அனுப்புகிறோம் என்றார்களே. அன்று வீட்டுக்கு வந்து நீங்கள் சாப்பிடவில்லை. மறுநாள் மறுபடி பட்டறைக்குப் போனீர்கள். அந்தப் பட்டறைப் பணத்தில்தான் நான் கேசட் வாங்கினேன். உங்களுக்காக எழுதின பாட்டை உங்களிடமிருந்து திருடி வாங்கியிருக்கிறேன் அண்ணே.

(இந்தச் செய்தி நீக்கப்பட்டது)

சரோஜா அத்தை: அண்ணே, என்ன எழுதி அழித்தீர்கள்?

அப்பா: ஒன்றுமில்லை. எழுத்துப் பிழை.

பிரியா: எனக்கு இது தெரியவே தெரியாது, பெரிய மாமா.

அப்பா: அதற்கு அப்புறம் பக்கத்து சயான் விலாசம் எழுதித்தான் வேலை வாங்கினேன். பெரியசாமி வீட்டு விலாசம்.

முத்து மாமா: நானும் அதே விலாசம்தான் கொடுத்தேன் மச்சான். நாங்கள் பத்துப் பேராவது கொடுத்திருப்போம். தபால்காரர் பெரியசாமியைத் திட்டுவார்.

சந்துரு சித்தப்பா: நாளை அந்தப் பாட்டு வரும்போது திரை முழுக்கச் சிவப்பாகும், நடுவில் கருப்பாக அந்த மரம். அப்புறம் பாலைவனத்தில் ஒரு ரோடு, போய்க்கொண்டே இருக்கும். 2017 வீடியோவில் பார்த்தேன். திரை 200 அடி அகலம், 45 அடி உயரம். நம் தொண்ணூறடி ரோட்டைப் போல இரண்டு மடங்குக்கு மேல்.

கார்த்தி: பெரியப்பா, வாங்க. அப்பா பாடும்போது நான் ஒருத்தனாகச் சமாளிக்க முடியாது.

அப்பா: நிற்க வேண்டுமா? மூட்டு.

சந்துரு சித்தப்பா: நாற்காலி உண்டு அண்ணே. நம் டிக்கெட் எல்லாம் உட்காருகிற இடம்தான்.

முத்து மாமா: மச்சானும் போனால் இரண்டு காரும் நிற்கும். 7 பேர். கார்த்தி, நீ ஓட்டுவாய் அல்லவா?

கார்த்தி: மாமா, எனக்கும் டிக்கெட் இருக்கிறதே.

செல்வி சித்தி: கால் டாக்சி சொல்லிக்கொள்ளலாம் அண்ணா.

சரோஜா அத்தை: சம்பந்தி வீட்டாரை டாக்சியில் அனுப்புவதா? நம் வீட்டு ஆள் ஒருவர் கூடப் போக வேண்டாமா?

முத்து மாமா: காலையில் பேசிக்கொள்வோம்.

அப்பா: நெருலுக்கு எத்தனை மணி ரயில்?

சந்துரு சித்தப்பா: அண்ணே

சந்துரு சித்தப்பா: நாலரைக்கு செம்பூரில் ஏறலாம்.

அப்பா: பார்ப்போம். முதலில் தாதர் முடிவாகட்டும்.

சரோஜா அத்தை: எல்லோரும் காலை 9 மணிக்கு மண்டபத்தில் இருக்க வேண்டும். பால் பாக்கெட் 12 வேண்டும், வரும்போது யார் வாங்குகிறீர்கள்?

அப்பா: நான்.