கருநிறத் தோலில் வண்ணப் பச்சைகுத்தலை லேசரால் நீக்கியவர்களின் அனுபவம் தேவை

அனைவருக்கும் வணக்கம். என் முன்கையில் குத்தியுள்ள பச்சையை லேசர் மூலம் நீக்க எண்ணியுள்ளேன். தோல் நிறத்தை வெளிர்நிறம் முதல் கருநிறம் வரை ஆறு வகையாகப் பிரிக்கும் ஃபிட்ஸ்பாட்ரிக் அளவுகோலின்படி என் தோல் ஐந்தாம் வகை. மெலனின் எனும் நிறமி மிகுந்த இத்தகைய தோலில், மையை உடைக்க வேண்டிய ஒளியின் ஒரு பகுதியை மெலனினே உறிஞ்சிக்கொள்வதால், சிகிச்சைக்குப் பின் கருமையோ வெளிறிய திட்டுகளோ தோன்றக்கூடும் என்பதை அறிவேன். 1064 நானோமீட்டர் அலைநீள என்டி யாக் லேசரை மெலனின் குறைவாகவே உறிஞ்சுவதால், கறுப்பு மையைப் பற்றி எனக்குப் பெரிய அச்சமில்லை. கவலையெல்லாம் நடுவிலுள்ள சிவப்புப் பூவையும் அதைச் சுற்றியுள்ள பச்சை இலைகளையும் பற்றித்தான். சிவப்புக்குப் பயன்படும் 532 நானோமீட்டரும் பச்சை நிறத்துக்குப் பயன்படும் 755 நானோமீட்டரும் மெலனினையும் கூடுதலாகத் தாக்குபவை. போதாக்குறைக்கு, காது குத்திய இடத்தில் கெலாய்டு எனப்படும் புடைத்த தழும்பு எனக்கு முன்பே வந்திருக்கிறது.

கருநிறத் தோலுள்ளவர்களில் யாரேனும் வண்ண மையை நீக்கியிருந்தால், சோதனைப் புள்ளி (முதலில் சிறு இடத்தில் மட்டும் லேசரைச் சோதிப்பது) வைத்தபின் எவ்வளவு காலம் காத்திருந்தீர்கள், அமர்வுகளுக்கிடையே வழக்கமாகச் சொல்லப்படும் ஆறு முதல் எட்டு வார இடைவெளி போதுமானதாக இருந்ததா, நிறமாற்றம் ஏற்பட்டிருந்தால் அது மறைந்ததா என்பதைத் தெரிவிக்க வேண்டுகிறேன். விளம்பரப் படங்கள் வேண்டாம். நான் பார்த்தவற்றில் பெரும்பாலும் வெளிர்நிறத் தோலே இருந்தது. தோல் மருத்துவர்கள் எவரேனும் இக்குழுவில் இருந்தால், கெலாய்டு வரலாறு உள்ளவர் மருத்துவரிடம் முதலில் கேட்க வேண்டியது என்னவென்றும் கூறுங்கள்.