‘இன் ஆர்டினரி’க்குத் தமிழ்ச் சொல் தேவை, வெள்ளிக்குள்

அன்பர்களே,
டிரிங்கோமலி என்ற பிரிட்டிஷ் பாய்மரப் போர்க்கப்பலின் பணி வரலாற்றைப் பள்ளிப் பிள்ளைகளுக்காக மொழிபெயர்க்கிறேன். 1817இல் பம்பாயில் ஜம்ஷெட்ஜி பொமான்ஜி வாடியா தேக்கில் கட்டியது. 1819இல் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத் போய்ச் சேர்ந்தபோது நெப்போலியன் போர்கள் முடிந்து நாலு வருஷம். பாய்மரங்களைக் கழற்றி, மேலே கூரை போட்டு, 1845 வரை துறைமுகத்திலேயே கட்டிப்போட்டார்கள். இந்த நிலைக்குத்தான் ‘இன் ஆர்டினரி’ என்று பெயர். ‘சாதாரண நிலையில்’ என்று எழுதினால் சிரிப்பார்கள்.

> பெயர் கடற்படையின் செலவுக் கணக்கிலிருந்து வந்தது. வழக்கமான பராமரிப்புச் செலவுத் தலைப்பு அது. ஆகவே நேர்ச்சொல் தேடாதீர்கள். புறநானூறு 30ஐப் பாருங்கள்: ‘கூம்பொடு மீப்பாய் களையாது’, அதாவது பாய்மரத்தையும் மேற்பாயையும் கழற்றாமலே, புகார்த் துறைமுகத்துக்குள் நுழைகிறது பெருங்கலம். நம் கப்பல் களைந்தது. ‘கூம்புகளை கலம்’, வினைத்தொகை.

> ஐயா, என் எட்டாம் வகுப்பில் கூம்பு என்றால் கன அளவு கண்டுபிடிக்கக் கிளம்பிவிடுவார்கள். அதோடு ‘கூம்புகளை’ என்பதை இரண்டாம் வேற்றுமைப் பன்மை என்றுதான் படிப்பார்கள். பட்டினப்பாலையின் ‘தூங்கு நாவாய்’ இருக்கிறதே, ‘தூங்குகலம்’ என்போம். குழந்தைக்கும் புரியும்.

> தவறாகப் புரியும் அம்மா. அங்கே தூங்குதல் அசைதல். கட்டுத்தறியை அசைக்கும் யானைதான் உவமை. அடுத்த அடியிலேயே கூம்பில் கொடி பறக்கிறது. நம் கப்பலில் கூம்பே இல்லை!

> திருகோணமலைக்காரனாக ஒன்று கேட்கிறேன். ‘டிரிங்கோமலி’ எதற்கு? எங்கள் ஊர்ப் பெயர்தானே அது, திருகோணமலை என்றே எழுதுங்கோ.

> கப்பலின் பெயர் ஆங்கிலேயர் இட்டது. மாற்றக்கூடாது.

> கோணமலையைக் கெடுத்ததும் அவர்கள்தானே?

(இதற்கு மட்டும் பதினோரு மடல்கள். கேட்ட சொல்லுக்கு ஐந்து.)

> முதல் மடலில் நீங்களே ‘கட்டிப்போட்டார்கள்’ என்று எழுதிவிட்டீர்கள். அப்புறம் என்ன தேடல்?

> கட்டிப்போடுவது மாட்டை. ‘துறைக்காப்பு’ எனலாம், துறையில் நிற்கிறது, காப்பில் இருக்கிறது.

> துறைமுகப் பாதுகாப்புப் படை என்று நினைக்கமாட்டார்களா?

> நினைத்தால் அடைப்புக்குறியில் விளக்குங்கள். எனக்குச் சம்மதம்.

> எனக்கும்.

சரி, ‘துறைக்காப்பு’ என்றே போடுகிறேன். ஊர்ப் பெயர்? தலைப்பில் திருகோணமலை, உள்ளே ஒரு முறை டிரிங்கோமலி. இரு தரப்பும் திட்டும், தெரியும். அடுத்த சிக்கல்: 1847இல் பணிக்கு எடுப்பதற்கு முன் பீரங்கிகளை 26ஆகக் குறைத்து ‘கார்வெட்’ (சிறு போர்க்கப்பல் வகை) ஆக்கிவிட்டார்கள். அதற்கு...

> ‘கூம்புகளை கலம்’ என்றே என் அகராதியில் ஏற்றிவிட்டேன். கார்வெட்டுக்குப் படகைக் குறிக்கும் பழஞ்சொல் ‘பஃறி’ பொருந்துமா என்று பார்க்கிறேன், நாளை விரிவாக எழுதுகிறேன்.