நிலத்தடி நியூத்திரன் உணரி: கரும்பொருளைப் பிடிக்கவா, பொய்ச் சைகையைப் பிடிக்கவா?

வாவிக்கரை (மட்டக்களப்பு):
இந்தியாவில ஜாதுகூடா யுரேனியச் சுரங்கத்துக்குள்ள 555 மீட்டரில ஆய்வுகூடம் நடக்குது. நம்மட நாட்டில போகல, கஹட்டகஹ காரீய (கிராஃபைற்று) சுரங்கங்கள் இருக்கு. ஈலியம்-3 வாயுக் குழாய் நாலைக் கீழ இறக்கினா நாமளும் கரும்பொருள் (கண்ணுக்குத் தெரியாத, ஈர்ப்பால மட்டும் தெரியவாற பிரபஞ்சப் பொருள்) தேடலாம். ஆழம்தான் முக்கியம், மியூவன் (அண்டக்கதிரால வானத்தில இருந்து வாற துணிக்கை) குறைஞ்சா வேலை முடிஞ்சுது.

கல்முனையான்:
இல்ல தம்பி. ஈலியம்-3 வெப்ப நியூத்திரனை (வேகம் குறைஞ்ச நியூத்திரன்) விழுங்கி 764 கிலோ இலத்திரன்வோல்ற் வெளிவிடும், குழாய் எண்ணுறது அதைத்தான். கரும்பொருள் தேடுறது திரவ செனன் மாதிரி வேற உணரி. அதுக்குள்ள ஒரு நியூத்திரன் ஒருக்கா மட்டும் அணுக்கருவில முட்டிப்போட்டு வெளிய போனா, கரும்பொருள் முட்டின மாதிரியேதான் தெரியும். அந்த நியூத்திரன்ல பெரும்பங்கு பாறையில உள்ள யுரேனியம், தோரியத்தில இருந்து வருது. இங்கினியாகலைக் கருங்கல்லெண்டாலும் காரீயச் சுரங்கமெண்டாலும் அது இருக்கும். எவ்வளவு ஆழம் போனாலும் குறையாது, 40 செ.மீ. பொலித்தீன் போட்டாத்தான் குறையும்.

வாவிக்கரை:
காக்கா, பொலித்தீன் ஒருசில மெகா இலத்திரன்வோல்ற் நியூத்திரனுக்குச் சரி. மியூவன் பாறையில மோதிக் கிளப்புறது நூற்றுக்கணக்கான மெகா இலத்திரன்வோல்ற்றில வரும், அது பொலித்தீனை ஊடுருவிப் போகும். இத்தாலியில கிரான் சாசோ ஆய்வுகூடத்தில 1,400 மீட்டர் பாறை மியூவனைப் பத்து இலட்சம் மடங்கு குறைக்குது. அந்த ஆழம் இல்லாட்டி எந்தக் கவசமும் போதாது.

ஒலுவில்_பௌதிகம்:
ரெண்டு பேரும் வெளியால வாறதையே பாக்கிறீங்க. உணரிக்கு உள்ளுக்குள்ள இருக்கிற டெஃப்லோன் என்ன செய்யும்? அல்பா துணிக்கை அதிலுள்ள புளோரினில பட்டா அந்த இடத்திலேயே நியூத்திரன் பிறக்கும். பாறையும் தடுக்காது, பொலித்தீனும் தடுக்காது. வெளிய போற நியூத்திரனைப் பிடிச்சு அந்த நிகழ்வைத் தள்ளுறதுதான் முக்கிய வழி. அமெரிக்காவில தென் டக்கோட்டாவில இருக்கிற எல்இசட் கரும்பொருள் உணரியில 7 தொன் செனனைச் சுத்தி 17 தொன் கடோலினியத் திரவம் நிக்குது. கடோலினியம் நியூத்திரனை விழுங்கினா மொத்தம் 8 மெகா இலத்திரன்வோல்ற் காமாக்கதிர் வரும், ஐதரசன்ல 2.2 மட்டும்தான். கிரான் சாசோவில உள்ள செனன்என்டி உணரி, வெறும் தண்ணி வைச்ச காலத்தில பிடிச்சது நியூத்திரன்ல 53 வீதம்.

கல்முனையான்:
இது சரி. அப்ப நம்ம ஆக்கள் செய்யக்கூடியது சுரங்கப் பாறையின்ர நியூத்திரன் அளவை எடுக்கிறதுதான். அதுவும் லேசில்ல. கீழ நியூத்திரன் அவ்வளவு குறைவு, குழாய்ச் சுவரில இருந்து வாற அல்பாவே கூடிப்போகும். 764 கிலோ இலத்திரன்வோல்ற்றில உச்சி, அதுக்குக் கீழ 573, 191 எண்டு ரெண்டு படி, இந்த உருவம் தெரிஞ்சாத்தான் அது நியூத்திரன். 800க்கு மேல மட்டமா நிக்கிறது அல்பா. அந்த மட்டத்தைக் கீழ நீட்டிக் கழிக்கணும்.

வாவிக்கரை:
நீட்டிறது நம்பிக்கையில்ல, மட்டம் கீழயும் அப்படியே போகுமெண்டு என்ன உத்தரவாதம்? அதே அளவுக் குழாயில நியூத்திரனை விழுங்காத ஈலியம்-4 நிரப்பிப் பக்கத்தில வைச்சு நேரா அளக்கலாம்.

ஒலுவில்_பௌதிகம்:
சுவர் ரெண்டும் ஒரே உருக்குத் தொகுதியில வந்தா மட்டும்தான் சரிவரும், இல்லாட்டி அல்பாவே வேறயா இருக்கும். எதைச் செய்தாலும் குழாயின்ர உயர் மின்னழுத்த இணைப்பைக் காத்துப் புகாத பெட்டியில சிலிக்கா ஜெல்லோட மூடுங்க. காரீயத் தூசி மின்கடத்தி, இணைப்பில படிஞ்சா கசிவால பொய்த் துடிப்பு கூட்டங்கூட்டமா வரும். மாரியில மட்டக்களப்பு ஈரக்காத்திலயே அது நடக்கும், அதால பெட்டியை இங்கேயே மார்கழியில வைச்சுப் பாத்திட்டுக் கீழ கொண்டுபோங்க.