வீட்டில் எலித்தொல்லை: மருந்து வைப்பதா, வேண்டாமா?

சேலையூர்க்காரன்
தனி வீடு, பின்பக்கம் புதர் மண்டிய காலி மனை. மழை தொடங்கியதிலிருந்து சமையலறையில் எலி நடமாட்டம். அரிசி மூட்டையில் ஓட்டை போட்டுவிட்டது, வாஷிங் மெஷின் வயரையும் கடித்துவிட்டது. கூண்டு வைத்துப் பார்த்தோம், சிக்கவில்லை. எலி கேக் (விஷம் கலந்த தீனிக் கட்டி) வைத்துவிடலாம் என்பது என் கட்சி. தவழுகிற பிள்ளை இருக்கிற வீட்டில் விஷமே கூடாது என்கிறார் அம்மா. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

கல்லிடை வாசு
தாராளமாக வையுங்கள். எலி நாசம் பண்ணுகிற அரிசியையும் வயரையும் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். அதன் மூத்திரத்தில் வருகிற எலிக்காய்ச்சல் அப்படியல்ல. என் அப்பா தேங்கிய மழைத் தண்ணீரில் காலில் சிராய்ப்போடு நடந்தார். சாதாரணக் காய்ச்சல் என்று விட்டதில் மஞ்சள் காமாலை வந்து, சிறுநீரகம் கெட்டு, டயாலிசிஸ் வரை போய் மீண்டார். எலிக்குச் சினைக்காலமே மூன்று வாரம்தான். கூண்டில் ஒன்று ஒன்றாகப் பிடித்து எப்போது முடிப்பீர்கள்?

வார்டு_செவிலி
வாசு அண்ணா, உங்கள் அப்பாவுக்கு வந்தது யாருக்கும் வரக்கூடாது. ஆனால் நான் வேலை பார்க்கிற மருத்துவப் பிரிவில் எலியால் வந்தவர்களை விட எலி மருந்தால் வந்தவர்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். குறிப்பாக மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த பேஸ்ட். முதல் நாள் வாந்தியோடு சரி, எழுந்து உட்கார்ந்து பேசுவார்கள், வீட்டுக்குப் போகிறேன் என்று அடம் பிடிப்பார்கள். இரண்டு மூன்று நாளில் கல்லீரல் செயலிழக்கத் தொடங்கும். அதற்கு விஷத்தை முறிக்கிற மாற்று மருந்து கிடையாது. தமிழ்நாட்டு அரசு அதை நிரந்தரமாகத் தடை செய்ததே இந்தச் சாவுகளைப் பார்த்துத்தான். பற்பசை மாதிரி ட்யூபில் இருப்பதால் குழந்தைகள் எடுத்துவிடுகிறார்கள். கோபத்தில் எதையாவது தேடுகிற பதின்வயதுப் பிள்ளைகளுக்கும் அதுதான் முதலில் கைக்குக் கிடைக்கிறது. பழைய ட்யூப் பரணில் கிடந்தால் இன்றே அப்புறப்படுத்துங்கள், சேலையூர் அண்ணா.

கல்லிடை வாசு
சகோதரி, நான் பேஸ்ட்டைச் சொல்லவே இல்லை. கேக் வேறு. அதில் இருப்பது புரோமடியோலோன், அதுவும் 0.005 சதவீதம். ரத்தம் உறைவதற்கு வேண்டிய வைட்டமின் கே-யை உடம்பு பயன்படுத்த முடியாமல் செய்கிறது, அவ்வளவுதான். வைட்டமின் கே1 கொடுத்தால் மாற்றிவிடலாம். இரண்டையும் ஒன்றாகப் போட்டுப் பயமுறுத்தினால் ஜனங்கள் ஒன்றுமே செய்யாமல் எலியோடு குடும்பம் நடத்துவார்கள்.

வார்டு_செவிலி
கேக்கும் பேஸ்ட்டும் ஒன்றல்ல, ஒப்புக்கொள்கிறேன். மாற்று மருந்து இருப்பதும் உண்மை. ஆனால் பிள்ளை கேக்கைத் தின்றது அம்மாவுக்குத் தெரிந்தால்தானே அந்த மருந்து வேலைக்கு ஆகும்? அன்றைக்கு ஒன்றும் தெரியாது. சில நாள் கழித்து ஈறில் ரத்தம் வரும், விழுந்த இடம் கருநீலமாகும். அதற்குள் கேக்கை எல்லாரும் மறந்திருப்பார்கள்.

இன்னொன்று, கடையில் "எலி மருந்து" என்று கேட்டால் என்ன தருகிறார்கள் என்று பாருங்கள். பேருந்து நிலையத்தில் கூவி விற்கிற பொட்டலத்தில் பெயர் கூட இருக்காது. ஜிங்க் பாஸ்பைடாக இருந்தால் வயிற்று அமிலத்தில் பட்டதும் பாஸ்பீன் என்ற விஷ வாயு கிளம்பும். அதற்கும் மாற்று மருந்து இல்லை. யாராவது எதையாவது தின்றுவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அட்டையையோ பொட்டலத்தையோ கையில் எடுத்துக்கொண்டு நேராக அரசு மருத்துவமனைக்கு வாருங்கள். 108 எதற்கு இருக்கிறது?

மருந்தடிக்கிற_மணி
பூச்சிக்கட்டுப்பாடு என் தொழில். மருந்தை விற்றால்தான் எனக்குச் சோறு, ஆனாலும் செவிலி அக்கா பக்கம்தான் பேசுவேன். 2024 நவம்பரில் குன்றத்தூரில் நடந்தது நினைவிருக்கும். வீட்டுக்குள் எலி மருந்து வைத்துவிட்டுப் போனார்கள். ஏசி போட்டு மூடிய அறையில் தூங்கிய குடும்பத்தில் இரண்டு குழந்தைகள் இறந்துபோனார்கள், பெற்றோர் மருத்துவமனையில் கிடந்தார்கள். அதற்குப் பிறகு யார் கூப்பிட்டாலும் ஆள் தூங்குகிற இடத்தில் நான் எந்த மருந்தும் வைப்பதில்லை. நெல் கிடங்குக்கு வைக்கிற அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை "வீட்டுக்கும் போடலாம்" என்று யாராவது நீட்டினால் வாசலோடு அனுப்புங்கள். காற்று ஈரம் பட்டாலே அது வாயுவாகிவிடும்.

சரி, சேலையூர் அண்ணனுக்கு வருகிறேன். கூண்டில் ஏன் விழவில்லை? வீட்டு எலிக்குப் புதுப் பொருள் என்றாலே சந்தேகம். கதவைத் தூக்கிக் கட்டிவிட்டு, சில நாள் சும்மா தீனி மட்டும் வையுங்கள். பயம் தெளிந்து தின்னப் பழகிய பிறகு கொக்கியை மாட்டுங்கள். நடு அறையில் வைக்காதீர்கள், அது சுவரை ஒட்டித்தான் ஓடும். மசால் வடை நமத்துப் போனால் தொடாது. தணலில் வாட்டிய தேங்காய்ச் சில்லு அல்லது கருவாடு வையுங்கள், வாசனை நிற்கும்.

முதலில் அது எலிதானா என்றும் பாருங்கள். மூக்கு கூராக நீண்டு, கீச்கீச்சென்று கத்திக்கொண்டு, ஒரு வீச்சத்தோடு ஓடினால் மூஞ்சூறு. அது எலி இனமே இல்லை. கரப்பானும் பூச்சியும் தின்னும், மூட்டையைக் கடிப்பது அதன் வேலை அல்ல.

பூனைவீட்டு_புவனா
கேக் தின்ற எலி அங்கேயே சாகாது, அதை யாருமே சொல்லவில்லையே? நாலைந்து நாள் தள்ளாடித் திரிந்து, பரணிலோ கட்டில் பெட்டிக்குள்ளோ போய்ச் செத்து நாறும். அந்தத் தள்ளாடும் எலியைத்தான் பூனையும் கூகையும் சுலபமாகப் பிடிக்கும். எங்கள் தெருவில் இரண்டு பூனைகள் அப்படித்தான் ரத்தம் கக்கிச் செத்தன. எலியைப் பிடிக்கிறதைக் கொன்றுவிட்டு எலி அதிகம் என்று புலம்புகிறோம். காலி மனையில் சாரைப்பாம்பு தெரிந்தாலும் அடிக்காமல் விடுங்கள். எலி ஒட்டிக்கொள்கிற பசை அட்டையும் வேண்டாம். தோல் பிய்ந்து நாள் முழுக்கக் கத்தும், விலங்கு நல வாரியமே அதைத் தடுக்கச் சொல்லியிருக்கிறது.

கல்லிடை வாசு
பூனை வளர்ப்பது உங்கள் விருப்பம் அம்மா. பால் சோறு தின்று பழகிய பூனை பெருச்சாளியைக் கண்டால் ஒதுங்கித்தான் போகும். பாம்பை விடுங்கள் என்கிறீர்கள், தவழுகிற பிள்ளை இருக்கிற வீட்டுக்காரரிடம். எலி இருக்கிற இடத்துக்குச் சாரை மட்டுமா வரும்? நல்ல பாம்பும் கண்ணாடி விரியனும் அதே எலிக்குத்தான் வரும். நான் சொல்வது அதனால்தான்: எலி எண்ணிக்கையைச் சீக்கிரம் குறைக்க வேண்டும்.

மருந்தடிக்கிற_மணி
இதில் வாசு அண்ணன் சொல்வது சரி, பாம்பு வரும். ஆனால் கேக் வைத்துக் குறைத்தாலும், வளையும் தீனியும் அப்படியே இருந்தால் காலி மனையிலிருந்து அடுத்த கூட்டம் வரும். ஓட்டையை அடைக்காத வீட்டில் நான் மாதா மாதம் போய் காசு வாங்கிக்கொண்டே இருக்கலாம், எலியும் இருந்துகொண்டே இருக்கும்.

சேலையூர்க்காரன்
பேஸ்ட் எதுவும் வீட்டில் இல்லை, பரணையும் பார்த்துவிட்டேன். கேக் வீட்டுக்குள் வைப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டோம். அம்மாவுக்கு நிம்மதி. மணி தம்பி, அடைப்பது என்றால் எதை வைத்து? தெர்மாகோல் வைத்து அடைத்ததைக் கொறித்துவிட்டது. காம்பவுண்டு ஓரம் கேக் வைக்கலாமா?

மருந்தடிக்கிற_மணி
தெர்மாகோல், மரத்துண்டு, வெறும் எம்சீல் எதுவும் நிற்காது அண்ணா. அதற்குப் பல் வளர்ந்துகொண்டே இருக்கும், கொறித்தே ஆக வேண்டும். பாத்திரம் தேய்க்கிற ஸ்டீல் நாரைத் திணித்து, மேலே சிமெண்ட் பூசுங்கள். சுண்டெலிக்கு 6 மில்லிமீட்டர் சந்து போதும், பென்சில் நுழைகிற ஓட்டை எல்லாம் கணக்கு. சிங்க் குழாய் சுவருக்குள் போகிற இடம், கேஸ் குழாய் வருகிற துளை, ஏசி பைப் துளை, பாத்ரூம் ஜாலி, பின்கதவின் அடிச்சந்து. இந்த ஐந்தைப் பார்த்தால் பாதி வேலை முடிந்தது. மாடியில் உரசுகிற மரக்கிளையை வெட்டுங்கள், அரிசியை மூடி போட்ட தகர டின்னுக்கு மாற்றுங்கள்.

வெளியே வைப்பதென்றால் பூட்டுகிற பெட்டிக்குள், உள்ளே கம்பியில் கோத்து, சுவரோடு திருகி. அதுவும் கூண்டும் அடைப்பும் பலிக்காவிட்டால் மட்டும். செத்த எலியைக் கையுறை போட்டு எடுத்து ஆழமாகப் புதையுங்கள், புவனா அக்கா பூனை தோண்டாத அளவுக்கு. எச்சத்தை உலர்ந்தபடியே பெருக்காதீர்கள். பிளீச்சிங் தண்ணீர் தெளித்து ஊறவிட்டுத் துடைக்க வேண்டும்.

கல்லிடை வாசு
பூட்டுகிற பெட்டிக்கு எனக்கு ஆட்சேபம் இல்லை. காலி மனைக்காரரைத் தேடிப் பிடித்துப் புதரை வெட்டச் சொல்லுங்கள். கேட்காவிட்டால் மாநகராட்சியில் எழுத்தில் புகார் கொடுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். தெருக்காரர்கள் நாலு பேர் கையெழுத்துப் போட்டால் இன்னும் நல்லது.