மூட்டு வலியோடு வீட்டுச் சைக்கிள் தேடியவர்களின் அனுபவங்கள்

முழங்கால் தேய்மானக்காரர்:

எனக்கு இரண்டு முழங்கால்களிலும் தேய்மானம். வீட்டில் நின்ற இடத்திலேயே மிதிக்கும் உடற்பயிற்சிச் சைக்கிளில் உடல் எடையை இருக்கை தாங்கிக்கொள்ளும், மூட்டுக்குச் சுமை குறையும் என்றார் பிசியோதெரபிஸ்ட். எந்தச் சைக்கிள் என்று கேட்டேன். அவர் பதில் சொல்லாமல், படுக்கவைத்து என் முழங்கால் எவ்வளவு மடங்குகிறது என்று அளந்தார். பெடல் முழுச் சுற்று வர ஏறத்தாழ 110 டிகிரி மடங்க வேண்டுமாம். என் இடது கால் அதற்கு முன்பே இறுகிக்கொண்டது.

கடையிலோ விற்பனையாளருக்குத் திரையைக் காட்டுவதில்தான் ஆசை. இதயத் துடிப்பு, எரிந்த கலோரி, மலைப்பாதைக் காட்சி எல்லாம் வந்தன. இருக்கை முன்னும் பின்னும் நகருமா என்ற கேள்விக்கு மட்டும் பதில் வரவில்லை. பல வண்டிகளில் உயரத்தை மட்டுமே மாற்ற முடிகிறது. எனக்கு இரண்டும் வேண்டியிருந்தது.

உயரத்தைச் சரிபார்க்க எளிய வழி உண்டு. பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதில் வையுங்கள். கால் நேராக நீள வேண்டும். பிறகு முன்பாதத்தால் மிதித்தால் அதே இடத்தில் முழங்கால் 25 முதல் 35 டிகிரி வரை மடங்கியிருக்கும். இருக்கை தாழ்ந்துவிட்டால் முட்டியின் முன்பக்கம் வலிக்கும். அதிகமாக உயர்ந்தால் பின்பக்கம் இழுக்கும், இடுப்பும் இருபுறமும் ஆடும். வாங்குவதற்கு முன் கடையிலேயே ஏறி உட்கார்ந்து இதைப் பார்த்துவிடுங்கள். யார் முறைத்தால் என்ன!

இடுப்பு மாற்று அறுவை செய்துகொண்டவர்:

ஐயா சொன்னது முழங்காலுக்குப் பொருந்தும். இடுப்புக்காரர்களுக்கு வண்டியில் ஏறுவதே முதல் சோதனை. நடுவில் உயரமான சட்டம் இருந்தால் காலைத் தூக்கித் தாண்ட வேண்டும், என்னால் முடியாது. இடுப்பை 90 டிகிரிக்கு மேல் மடக்கக் கூடாது என்று மருத்துவரும் கட்டுப்பாடு விதித்திருந்தார். கைப்பிடி தாழ்ந்த வண்டியில் முன்னால் குனிந்தால் தொடை நெஞ்சை நோக்கி வந்துவிடுகிறது.

அதனால் முதுகுச் சாய்வுள்ள வண்டியைத் தேர்ந்தெடுத்தேன். ஆனால் சாய்விருக்கை என்றாலே இடுப்புக்கு நல்லது என்று நம்பிவிடாதீர்கள். சிலவற்றில் இருக்கை தரையோடு தாழ்ந்தும் பெடல் உயர்ந்தும் இருக்கும். அதில் இடுப்பு இன்னும் அதிகமாக மடங்கும், எழுந்திருக்கவும் இன்னொருவர் கை வேண்டும். இடமும் நிறைய அடைக்கும். என் வீட்டில் சோபா ஒன்று வெளியேறியது.

முடக்குவாதம் உள்ளவர்:

என் சிக்கல் கைவிரல்களில். காலையில் விரல்கள் விறைத்திருக்கும்போது, பெடல் எவ்வளவு கனமாகச் சுற்ற வேண்டும் என்ற இறுக்கத்தை மாற்றும் திருகுக் குமிழைத் திருப்பவே முடியவில்லை. பொத்தானை அழுத்தி மாற்றும் வண்டிதான் எனக்குச் சரிப்பட்டது. கைப்பிடி உயரமாக இருந்தால் மணிக்கட்டில் எடை விழாது.

இன்னொன்று: கனமான சக்கரம் பெடலோடு நேரடியாகப் பிணைந்த வண்டிகளில் நாம் நிறுத்தினாலும் பெடல் நிற்காது, காலையும் சேர்த்துச் சுழற்றும். அண்ணன் மகன் வீட்டில் அதில் ஒருமுறை ஏறினேன். இறங்கும்வரை உயிர் கையில் இல்லை.

முழங்கால் தேய்மானக்காரர்:

அம்மா சொன்ன வகையை நானும் தவிர்த்தேன். காந்தத்தால் இறுக்கம் தரும் வண்டியில் உரசல் இல்லாததால் மிதிப்பது வெட்டாமல் சீராகச் செல்கிறது. பார்க்க வேண்டியது இறுக்கத்தின் மிகக் கனமான கடைசி நிலையை அல்ல, மிக லேசான முதல் நிலையைத்தான். சிலவற்றில் தொடக்கமே கனமாக இருக்கிறது.

கால் சரியாக மடங்காதவர்கள் பெடலைத் தாங்கும் கிராங்கின் நீளத்தையும் கேளுங்கள். சாதாரணமாக 170 மி.மீ. அளவில் இருக்கும். அது குட்டையாக இருந்தால் முழங்கால் மேலே வரும்போது குறைவாக மடங்கும். என் இடது காலுக்கு இருக்கையை ஏற்றியதைவிட இதுதான் அதிகம் உதவியது.

மிதித்து முடித்து 2 மணி நேரம் கழித்தும் வலி வழக்கத்தைவிடக் கூடுதலாக இருந்தால் அடுத்த முறை நேரத்தையோ இறுக்கத்தையோ குறைத்துவிடுகிறேன். மூட்டு வீங்கிய நாளில் வண்டிப் பக்கம் போவதில்லை.