குட்டியானையில் பன்றி ஏற்றினால் அடியில் என்ன போடுவது?

குலசேகரம் பண்ணை:
எல்லாருக்கும் வணக்கம். வெண்பன்றி 6, ஒவ்வொன்றும் 100 கிலோ பக்கம் வரும். குலசேகரத்திலிருந்து வள்ளியூருக்குக் கொண்டுபோகணும். வண்டி குட்டியானைதான், அதாவது டாடா ஏஸ் சின்ன லாரி. டிரைவர் வைக்கோலை அரை அடிக்குப் போட்டு மேலே தார்ப்பாய் கட்டலாம் என்கிறார். எங்கள் பக்கம் ரப்பர் மரப்பொடியும் தாராளமாகக் கிடைக்கும். சித்திரை வெயிலுக்கு எது நல்லது?

தோவாளைக்காரன்:
தம்பி, வைக்கோல் வேண்டவே வேண்டாம். ஊட்டிக் குளிருக்கு அது சரி, இங்கே படுத்த பன்றியின் சூட்டை வெளியே விடாது. பன்றிக்கு நம்மைப்போல வியர்க்காது. உடம்பு நனைந்து, அதில் காற்று பட்டால்தான் சூடு இறங்கும். அதனால் மரப்பொடியே போடுங்கள், ஆனால் நனைத்துப் போடுங்கள். கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கணும், தண்ணீர் சொட்டக்கூடாது. கால் வழுக்காத அளவுக்கு ஒரு அங்குலம் போதும். காய்ந்த பொடி காற்றில் பறந்து மூக்கிலும் கண்ணிலும் ஏறும், பாவம். ஆற்றுமணலும் நல்ல பிடிமானம்தான், வண்டிக்குப் பாரம் கூடும்.

இன்னொன்று, பொடி மரத்தடி அறுக்கிற மில்லில் எடுங்கள். ஃபர்னிச்சர் கடை இழைப்புச் சீவல் வேண்டாம். ரப்பர் பலகைக்குப் பூச்சி அரிக்காமலிருக்க போராக்ஸ் மருந்து ஏற்றுவார்கள், அது சீவலிலும் இருக்கும்.

6 எண்ணத்தை 5 ஆக்குங்கள். எல்லாம் ஒரே நேரத்தில் கால் நீட்டிப் படுக்க இடம் வேணும். தீனி முந்தின சாயங்காலத்தோடு நிறுத்தி, தண்ணீர் மட்டும் ஏற்றும்வரை கொடுங்கள். விடியுமுன் கிளம்பணும். ரப்பர் நிழலில் இருக்கும்வரை ஒன்றும் தெரியாது, ஆரல்வாய்மொழி தாண்டினால் வெட்டவெளி வெயில்.

மார்த்தாண்டம் ராஜா:
அண்ணாச்சி சொன்னது சரி. கால்நடை மருத்துவரிடம் உடல்தகுதிச் சான்று வாங்காமல் ஏற்றாதீங்க. இறக்கின பிறகு பொடியை ரோட்டோரம் தட்டிவிடவும் கூடாது. 2022இல் வயநாட்டில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் வந்தது ஞாபகமிருக்கும். நோயுள்ள பன்றியின் சாணி ஒட்டிய பொடியும் சக்கரமும் அதைப் பண்ணைக்குப் பண்ணை கொண்டுபோகும். பொடியைக் குழியில் புதைத்து, வண்டியைக் கழுவி, கிருமிநாசினி மருந்து அடிச்சு விடுங்கள்.

குலசேகரம் பண்ணை:
ரொம்ப நன்றி அண்ணாச்சி, 5 தான் ஏற்றுவேன். தார்ப்பாய் பற்றிச் சொல்லலியே?

தோவாளைக்காரன்:
கூரைக்கு மட்டும் கட்டுங்கள், நாலு பக்கமும் திறந்தே இருக்கட்டும். பயப்பட வேண்டியது ஓடுகிற வண்டியைப் பற்றி இல்லை, நிற்கிற வண்டியைப் பற்றி. டிரைவர் டீ குடிக்க வெயிலில் நிறுத்தினால் உள்ளே காற்றே இருக்காது, கொஞ்ச நேரத்தில் பன்றி வாயைத் திறந்து மூச்சிரைக்க ஆரம்பிக்கும், தோலில் சிவப்புத் திட்டு தெரியும். அப்போது அடித்து எழுப்பாதீங்க, ஐஸ் தண்ணீரைத் தலைவழியே கொட்டவும் கூடாது, அதிர்ச்சியிலேயே போயிடும். நிழலுக்கு ஒதுக்கி, சாதாரணத் தண்ணீரைத் தரையிலும் உடம்பிலும் லேசாகத் தெளித்து, காற்றுப் பட விடுங்கள். ஒரு கேன் தண்ணீர் கையோடு எடுத்துக்கோங்க. டீ வள்ளியூரில் இறக்கிவிட்டுக் குடிக்கலாம் என்று டிரைவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.